முதல் தடவை

கேள்வி: கல்லூரியில் படிக்கும் பையன் முதல் தடவையாகக் கஞ்சாவுடன் பிடிபட்டால், ஜெயிலுக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்ப கோர்ட்டுக்கு வழி இருக்கிறதா? - ஒரு வாசகர்

பதில்: இருக்கிறது. ஆனால் 'முதல் தடவை' என்கிறீர்களே, அந்த வார்த்தைதான் என்னை உறுத்துகிறது. பெற்றவர்கள் எல்லாரும் கோர்ட் வராந்தாவில் நின்று சொல்வது இதைத்தான். நம் 1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டமோ முதலில் கேட்பது 'எத்தனை கிராம்?' என்று. 2001 திருத்தத்துக்கு அப்புறம் எல்லாம் தராசுதான். கஞ்சா 1 கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, அதற்குக் குறைந்தபட்சமே 10 வருடம். ஹெராயின் என்றால் 5 கிராம், 250 கிராம். அதிலும் கலந்திருக்கிற மாவையும் சேர்த்தே எடை போட வேண்டும் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. மாவுக்கும் சேர்த்து ஒருவன் உள்ளே இருப்பது எந்த ஊர் நியாயம் என்று அன்றைக்கே இந்தப் பக்கத்தில் கேட்டேன், இன்றைக்கும் கேட்கிறேன்.

சரி, உங்கள் பையன் விஷயம். கஞ்சாவைப் புகைத்ததற்காக மட்டும் வழக்கு என்றால் அது 27-வது பிரிவு. நன்னடத்தைச் சட்டப்படி, ஜெயிலுக்கு அனுப்பாமல் ஒழுங்காக நடந்துகொள்ளச் சொல்லி விட்டுவிட கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. அதே கஞ்சா சட்டைப் பையில் 50 கிராம் பொட்டலமாக இருந்து, கஞ்சா வைத்திருந்ததற்கான 20-வது பிரிவு போட்டால், பதினெட்டு வயது ஆன பையனுக்கு 33-வது பிரிவு அந்தக் கதவைச் சாத்திவிடுகிறது. வாயில் இருந்தால் ஒரு நியாயம், பையில் இருந்தால் வேறு நியாயம்! எந்தப் பிரிவு என்பதை எஃப்.ஐ.ஆர். எழுதுகிறவர்தான் முதலில் தீர்மானிக்கிறார்.

சிகிச்சைக்கு என்று இரண்டு வழி இருக்கிறது. 64ஏ பிரிவில், சிறு அளவு வழக்கில் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கு நடத்த முடியாது. பாதியில் ஓடிவந்தால் அந்தச் சலுகை போய்விடலாம். 39-வது பிரிவில், குற்றம் நிரூபணமான பிறகும் அவன் சம்மதத்தோடு பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு சிகிச்சைக்கு அனுப்பலாம். ஒரு வருடத்துக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும்.

ஆனால் இரண்டுமே 'போதைக்கு அடிமையானவர்'களுக்குத்தான். இரண்டு இழுப்பு இழுத்த பையனுக்கு இல்லை, இருபது வருடம் இழுத்தவருக்கு உண்டு. 'முதல் தடவை' என்று அழுத்திச் சொல்லச் சொல்ல அந்தக் கதவு உங்களுக்கு மூடிக்கொண்டே போகிறது. போர்ச்சுகலில் 2001-லிருந்து, பத்து நாள் உபயோகத்துக்குள்ளான அளவு வைத்திருந்தால் கிரிமினல் கோர்ட்டே கிடையாது, ஒரு குழு முன்னால் உட்கார்ந்து பேசினால் போதும், அடிமையா இல்லையா என்பது அங்கே இரண்டாவது கேள்விதான்.

அந்த 'அடிமை' என்ற வார்த்தையோடு எனக்குப் பழைய சண்டை. சர்க்கரை வியாதிக்காரரை இனிப்புக்கு அடிமை என்று எந்த டாக்டரும் சீட்டில் எழுதுவதில்லை. பத்தொன்பது வயதுப் பையன் 'நான் போதைக்கு அடிமை' என்று மனுவின் அடியில் கையெழுத்துப் போடுகிறான், பக்கத்தில் அம்மா நிற்கிறாள். சட்டத்தில் அந்த ஒரு சொல்லையாவது மாற்றுங்கள்.