பெட்டியை அளந்தீர்களா, ஆச்சி?

இந்த வாரக் கடிதங்களில் பாதியில் ஊர் பெயரே இல்லை. இருப்பவற்றுக்கு மட்டும் பதில்.

ஒரு கிலோ தேன்குழலுக்கு கூரியரில் நாலு கிலோ காசு வாங்குகிறார்கள். ஏமாற்றுதானே? (கானாடுகாத்தான்)

இல்லை, ஆச்சி. நொறுங்கக் கூடாதென்று பெரிய பெட்டியில் போட்டிருப்பீர்கள். 30, 30, 20 செ.மீ. பெட்டி என்றால் மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள், 3.6 வரும், நாலாக்கிவிடுவார்கள். தராசுக்கு முன்னால் டேப்பை எடுங்கள் என்று எத்தனை தடவை எழுதுவது? சின்னதாகப் பிழிந்து உயரம் குறைந்த டப்பாவில் அடுக்குங்கள்.

ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமல் ஆன்லைனில் விற்கலாமா? (தேவகோட்டை)

தமிழ்நாட்டுக்குள் மட்டும், விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் என்றால், 2023 அக்டோபரிலிருந்து விற்கலாம். பான் எண்ணைக் கொடுத்து ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும். விற்பனைத் தளம் வழியாக பெங்களூருக்கு ஒரே ஒரு பார்சல் போனாலும் முழுப் பதிவு வேண்டும்.

மினி டைடல் பார்க் என்கிற சின்ன ஐ.டி. பூங்காவால் ஊர் மாறுமா? (காரைக்குடி)

வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து 1953-லேயே சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் வந்த ஊர் இது. அப்புறமும் படித்த பிள்ளை சென்னைக்குத்தான் வண்டி ஏறுகிறான்.

கண்டாங்கிச் சேலை நெய்கிறோம். ஆன்லைனில் தேடினால் 500 ரூபாய் பாலியஸ்டர் சேலைதான் முதலில் வருகிறது. (காரைக்குடி)

வருஷக்கணக்காகக் கத்துகிறேன். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததும் எல்லோரும் சந்தோஷப்பட்டோம், சரி, அந்தப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா? குறியீட்டை வாங்கியது நெசவாளர் சங்கம். உங்கள் சேலையில் அதைப் போட, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக நீங்கள் தனியே பதிய வேண்டும். 500 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2020-ல் 10 ரூபாயாக்கிவிட்டார்கள், ஒரு டீ விலை! இந்தியா முழுமைக்குமான பதிவகமே கிண்டியில் இருக்கிறது. விடியக்காலை பல்லவன் ரயிலில் ஏறினால் மதியம் சென்னை. அந்தப் பதிவு கையில் இல்லாமல் விற்பனைத் தளத்துக்கு எழுதும் புகார் வெறும் புலம்பல். "செட்டிநாடு" என்ற சொல்லையும் நம்பி நிற்காதீர்கள், மசாலாப் பாக்கெட்டிலிருந்து ஓட்டல் பலகை வரை அது எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டது. குறியீடு இருப்பது காரைக்குடி கண்டாங்கி என்ற பெயருக்கு. அப்புறம் படம். பொம்மைக்குக் கட்டிவிட்டு எடுக்காதீர்கள், கட்டமும் கரையும் தெரிய தறியிலேயே வைத்து எடுங்கள். பாலியஸ்டர்காரரிடம் காட்டுவதற்குக் கைத்தறி கிடையாது.

டெல்லிக்கு அனுப்பிய பூக்கல் (தரையில் பதிக்கும் பூ வேலைக் கல்) பாதி உடைந்துவிட்டது. என்ன செய்வது? (ஆத்தங்குடி)

படுக்கவைத்து அடுக்கினீர்களா, நிற்கவைத்தா? சூளையில் சுடாத கல், தண்ணீரிலிருந்து எடுத்து எத்தனை நாள் காய்ந்தது? ஒன்றுமே எழுதவில்லை. எழுதுங்கள், பெட்டி அளவையும் சேர்த்து.