கால்சியம் சுழற்சி இதயச் செல்லின் மின் தாளத்தை எப்படி மாற்றுகிறது?

மின்துடிப்பு கால்சியத்தை நகர்த்துகிறது என்று மட்டும்தான் பெரும்பாலும் சொல்லித் தருகிறார்கள். கால்சியமும் திரும்ப மின்னழுத்தத்தை மாற்றுகிறது, உங்கள் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

ஓய்வில் இருக்கும் செல்லுக்குள் உள்ளதைவிட வெளியே கால்சியம் ஏறக்குறைய 10,000 மடங்கு அதிகம். மின்துடிப்பு வந்ததும் செல் சவ்வின் வாயில்கள் திறந்து கொஞ்சம் உள்ளே வரும், அந்தக் கொஞ்சம் போய், செல்லுக்குள் கால்சியத்தைச் சேமிக்கும் உள்வலையின் வாயில்களான ரையனோடின் ஏற்பிகளைத் திறந்துவிட, அங்கே சேர்த்து வைத்திருந்த பெரிய இருப்பு வெளியே கொட்டி தசை சுருங்குகிறது. அப்புறம் பெரும்பகுதியை செர்க்கா பம்பு மறுபடி வலைக்குள் இழுத்துக்கொள்ளும், மீதியை சோடியம்-கால்சியம் பரிமாற்றி வெளியே தள்ளும்.

இந்தப் பரிமாற்றியைத்தான் கவனிக்க வேண்டும். 1 கால்சியம் அயனி வெளியே போனால் 3 சோடியம் அயனிகள் உள்ளே வரும். அதாவது 2 நேர்மின்னூட்டம் போய் 3 வருகிறது, ஒவ்வொரு முறையும் ஒன்று உள்ளே மிஞ்சுகிறது. வலையில் கால்சியம் அளவுக்கு மீறி நிரம்பி, துடிப்பு முடிந்த பிறகு தானாகக் கசிந்தால், இதே பரிமாற்றி ஓய்வில் இருக்க வேண்டிய செல்லின் மின்னழுத்தத்தை உயர்த்தி வேண்டாத துடிப்பொன்றைக் கிளப்பிவிடும். டிஜாக்சின் என்ற இதய மருந்து அளவு மீறும்போது தாளம் கெடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ரையனோடின் ஏற்பியின் மரபணுப் பிழை உள்ள சிலருக்கு, பெரும்பாலும் சின்ன வயதிலேயே, ஓடும்போதோ உணர்ச்சிவசப்படும்போதோ ஆபத்தான தாளக்கேடு வருவதும் இப்படித்தான். ஓய்வில் எடுக்கும் ஈசிஜி பொதுவாகச் சரியாகவே இருப்பதால் இந்த நோய் எளிதில் கண்ணில் படாமல் போகிறது, அதுதான் எனக்குப் பெரிய கவலை.

கசிவு எப்போதும் கெட்டதும் அல்ல. இதயத்தின் இயல்பான துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் முடிச்சின் செல்களில் அடுத்த துடிப்பைத் தொடங்கிவைக்க உதவுவதே இந்தக் கசிவுதான்.