ஏறுகிற எண்ணெய் விலை: ஆர்.டி.யை நிறுத்தலாமா, நகையை வைக்கலாமா?

கேள்வி: கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தென்னை, ஒரு ஏக்கர் காய்கறி, இரண்டு கறவை மாடு. காய் வேலந்தாவளம் சந்தைக்குப் போகிறது. மகன் பைக்கில் கோவைக்கு வேலைக்குப் போகிறான், போக வர 60 கிலோமீட்டர். கச்சா எண்ணெய் விலை ஏறியதிலிருந்து உழவுக்கூலி, வண்டி வாடகை, மளிகை, தீவனம் எல்லாம் ஏறி மாதம் 4,000 ரூபாய் துண்டு விழுகிறது. தபால் ஆபீஸ் ஆர்.டி.யில் (மாதாமாதம் கட்டும் சேமிப்பில்) 30 மாதமாக 3,000 ரூபாய் கட்டி வருகிறோம். அதை நிறுத்துவதா, நகையை அடகு வைப்பதா?

பதில்: சகோதரி, இரண்டும் வேண்டாம். முதலில் அந்த 4,000 ரூபாயில் வீட்டுக்கு எவ்வளவு, தோட்டத்துக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். தோட்டத்தில் போட்ட காசு விளைச்சலில் திரும்பும், அதற்குக் கடன் வாங்கலாம். மளிகைக்கும் பெட்ரோலுக்கும் வாங்கிய கடன் அடுத்த மாதமும் அப்படியே நிற்கும்.

மகனின் பைக்கைக் குறை சொல்லாதீர்கள். மாதம் 1,500 கிலோமீட்டர், லிட்டருக்கு 45 கொடுத்தால் 33 லிட்டர் சொச்சம். பெட்ரோல் 5 ரூபாய் ஏறினாலும் கூடுதல் செலவு 170 ரூபாயைத் தாண்டாது. கேரளத்தில் 2023 ஏப்ரலிலிருந்து லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் என்ற கூடுதல் வரி வேறு இருக்கிறது. தினமும் கோவை போகிறவர் அங்கேயே டேங்க்கை நிரப்பிக்கொள்ளட்டும். அதற்காகத் தனியாக எல்லை தாண்டிப் போகவோ, கேனில் பிடித்து வீட்டில் வைக்கவோ வேண்டாம். பெட்ரோலை வீட்டில் வைப்பது உயிரோடு விளையாடுவது.

பணம் அதிகம் கரைவது உழவிலும் வண்டி வாடகையிலும்தான். டிராக்டர் ஒரு மணி நேரத்துக்கு நாலைந்து லிட்டர் டீசல் குடிக்கும். டீசல் 5 ரூபாய் ஏறினால் மணிக்கு 25 ரூபாய்தான் கூடும். டயர், டிரைவர் கூலி என்று டிராக்டர்காரர்களுக்கும் செலவு உண்டு, ஆனால் மணிக்கு 200 ரூபாய் ஏற்றிக் கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லிப் பேசுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு ஒரே நாளில் உழவு வைத்தால், வண்டி வந்து போகிற செலவாவது பாதியாகும்.

சந்தைக்கும் அப்படித்தான். 600 ரூபாய் வாடகைக்கு 20 பெட்டி ஏற்றினால் பெட்டிக்கு 30 ரூபாய். அதே வண்டியில் இன்னொருவர் 20 பெட்டி ஏற்றினால் 15 ரூபாய். தக்காளி விலை விழுந்த நாளில் அந்த 15 ரூபாய்தான் உங்கள் கையில் நிற்பதே. அறுவடை நாளை இரண்டு வீட்டாரும் கலந்து பேசி வையுங்கள்.

மளிகையில் பாமாயில் விலை கச்சா எண்ணெயோடு சேர்ந்தே ஏறும். இந்தோனேசியாவில் பாமாயிலை டீசலில் கலக்கிறார்கள், அதுவும் ஒரு காரணம். நம் தோப்புத் தேங்காயைச் செக்கில் ஆட்டினால் எண்ணெய் சும்மா கிடைத்த மாதிரிதான் தோன்றும். தேங்காய் நல்ல விலை போகும்போது விற்றுவிட்டு எண்ணெய் வாங்குவது லாபமா என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

சரி, ஆர்.டி.க்கு வருவோம். தபால் ஆபீஸ் ஆர்.டி.யை மூன்று வருடம் முடியாமல் மூட முடியாது. அதற்கப்புறம் மூடினாலும் சேமிப்புக் கணக்கு வட்டிதான் தருவார்கள். மிகவும் நெருக்கடியான மாதத்தில் தவணையைத் தள்ளலாம், 100 ரூபாய்க்கு 1 ரூபாய் அபராதம். ஆனால் நான்கு தவணை விட்டால் கணக்கு நின்றுவிடும். அவசரமென்றால் கட்டிய தொகையில் பாதி வரை கடன் தருவார்கள். ஆர்.டி. வட்டியைவிட 2 சதவீதம்தான் அதிகம், அதாவது ஆர்.டி. 6.7 சதவீதம் என்றால் கடனுக்கு 8.7. தனியாரிடம் மாதம் ஒன்றரை வட்டிக்கு நகை வைத்தால் வருடத்துக்கு 18 சதவீதம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தோட்டச் செலவுக்கு கிசான் கிரெடிட் கார்டு (விவசாயிகளுக்கான வங்கிக் கடன் அட்டை) இருக்கும்போது நகையைத் தொடவே கூடாது. 3 லட்சம் வரை வட்டி 7 சதவீதம், கெடுவுக்குள் கட்டினால் 4 சதவீதம்தான். பால் மாட்டுக்கும் அதில் கடன் உண்டு. பயிருக்கான வரம்பில் 10 சதவீதத்தை அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் என்று சேர்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். கார்டு இல்லையென்றால் நிலவரி ரசீது, ஆதாரோடு இந்த வாரமே வங்கிக்குப் போங்கள். போகிற வழியில் கிருஷிபவனில் (வேளாண்மை அலுவலகத்தில்), சிறு விவசாயிகளுக்கான இலவச மின்சாரத்தில் உங்கள் போர் மோட்டார் இணைப்பு சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.