பல் வைத்தியரே கொடுக்கும் சிரிப்பூட்டும் வாயுவை வேடிக்கைக்காக இழுப்பதில் என்ன ஆபத்து?

இதே கேள்வியை என் அக்காவின் மகனும் என்னிடம் கேட்டான். கேட்டபோது அவன் கால்கள் ஏற்கெனவே கெட்டிருந்தன.

லண்டனில் படிக்கும் பிள்ளை. ஆகஸ்ட் விடுமுறைக்குத் திருகோணமலை வந்திருந்தான். உப்புவெளிக் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தோம். இடது கால் செருப்பு கழன்று மணலில் கிடக்க, அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தான். "தம்பி, செருப்பு!" என்று கூப்பிட்ட பிறகுதான் குனிந்து காலைப் பார்த்தான். இரண்டு நாள் கழித்து கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக் கண்ணை மூடினான். மூடியதுமே ஆள் சரிந்தான். நான் தோளைப் பிடித்திராவிட்டால் தலை கிணற்றுக் கட்டில் மோதியிருக்கும்.

"பலூனில் வாயு ஏதும் இழுப்பதுண்டா?" என்று வைத்தியர் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். பல மாதங்களாக, வார இறுதி இரவுகளில், ஒன்றன்பின் ஒன்றாக.

சிரிப்பூட்டும் வாயு என்பது நைட்ரஸ் ஒக்சைட். அது உடலில் உள்ள விற்றமின் பி12ஐச் செயலற்றதாக்கிவிடுகிறது. அந்த விற்றமினின் நடுவில் இருக்கும் கோபால்ட் அணுவையே அது தாக்குகிறது. பி12 வேலை செய்யாவிட்டால் நரம்புகளின் மேலுறை சிதைகிறது. கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்புகள் முள்ளந்தண்டுக்குள் பின்பக்கமாக ஓடுகின்றன. முதலில் அடிபடுபவற்றில் அவையும் உண்டு. கண் திறந்திருக்கும்வரை பார்வை அந்தக் குறையை ஈடுசெய்யும். கண்ணை மூடினால் விழுந்துவிடுவோம். மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கு பி12 இருப்பு பெரும்பாலும் குறைவு என்பதால் ஆபத்து இன்னும் கூடுதல்.

பல் வைத்தியர் அதை ஒட்சிசனுடன் கலந்து, கொஞ்ச நேரம், பக்கத்தில் நின்று பார்த்தபடி கொடுக்கிறார். பலூனில் ஒட்சிசன் கிடையாது. சிலிண்டரிலிருந்து நேரே இழுத்தால் கடுங்குளிர் உதட்டையும் தொண்டையையும் பொசுக்கிவிடும். முகத்தைப் பையால் மூடிக்கொண்டு இழுத்தவர்கள் மூச்சுத் திணறிச் செத்திருக்கிறார்கள். பிரித்தானியாவில் 2023 நவம்பர் 8 முதல் போதைக்காக இதை வைத்திருப்பதே குற்றம்.

பாதம் விறைத்தால் அன்றே நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள், பலூன் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். இரத்தப் பரிசோதனையில் பி12 அளவு சரியாகவே காட்டக்கூடும். இருக்கும் பி12 வேலை செய்கிறதா என்பதை அந்த அளவு காட்டாது. பி12 வேலை செய்யாதபோது இரத்தத்தில் கூடும் ஹோமோசிஸ்டீன், மெதைல்மலோனிக் அமிலம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். பி12 மாத்திரை போட்டுக்கொண்டே இழுக்கலாம் என்று நம்பாதீர்கள், அது காப்பாற்றாது.

மருமகன் வாயுவை விட்டுவிட்டான். பி12 ஊசி போடுகிறார்கள். ஏழு மாதமாகிறது, நடக்கிறான். படியிறங்கும்போது மட்டும் இன்னமும் காலைப் பார்த்துத்தான் இறங்குகிறான் என்று அக்கா சொன்னார்.