மனநோயை முற்றுவதற்கு முன்பே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு ஒன்றரை வருடம் ஆனது.

தம்பி அப்போது பாலிடெக்னிக் இரண்டாம் வருடம். முதலில் தூக்கம்தான் போனது. ராத்திரி முழுக்க விழிப்பு, பகலில் போர்வைக்குள். குளிக்கச் சொன்னால் எரிச்சல். நண்பர்கள் தேடி வந்தால் "நான் இல்லைன்னு சொல்லு" என்பான். எல்லாம் செல்போன் செய்த வேலை என்று அப்பா அதைப் பிடுங்கி வைத்தார். பத்தொன்பது வயதுப் பையனிடம் எது நோய், எது சோம்பல் என்று எனக்கும் தெரியவில்லை. எதிர்வீட்டு டிவியில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவன் சொன்ன அன்றுதான் வயிற்றைப் பிசைந்தது.

அப்போதும் டாக்டரிடம் போகவில்லை. குறி கேட்டோம், மந்திரித்துக் கயிறு கட்டினோம். கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்றார் பெரியம்மா. நல்லவேளை, பெண் அமையவில்லை!

பக்கத்து வீட்டுக் குழந்தையின் தடுப்பூசி விஷயமாக வந்த கிராம சுகாதார செவிலியர்தான், திண்ணையில் உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்: "தம்பி ராத்திரி தூங்குதாம்மா? யாரோ பேசுற மாதிரி கேக்குதுன்னு சொல்லுதா?" அம்மா அங்கேயே அழுதுவிட்டார். அடுத்த வாரம் மாவட்ட ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் நின்றோம். தம்பிக்கு வந்திருப்பது சைக்கோசிஸ், அதாவது இல்லாத குரல் கேட்பதும் நடக்காததை நிஜம் என்று நம்புவதுமான மனநோய் என்றார் டாக்டர். "கயிறு இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும்" என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் அப்பா சமாதானமாகிவிட்டார்.

நார்வேயில் ஸ்டவாங்கர் பகுதியில் 1997-லிருந்து சில ஆண்டுகள், நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும் வேலையைப் பெரிய அளவில் செய்தார்கள். பத்திரிகை, ரேடியோ, பள்ளிக்கூடம் என்று எல்லா வழியிலும் அறிகுறிகளைச் சொன்னார்கள். யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம், ஒரு குழு வந்து பார்க்கும். நோய் தொடங்கிச் சிகிச்சை கிடைக்கும் வரை கழியும் காலத்தின் இடைநிலை அளவு (பாதிப் பேருக்கு இதைவிடக் குறைவு, மீதிப் பேருக்கு அதிகம்) அங்கே 5 வாரம். விளம்பரங்களை நிறுத்தினார்கள், அது 15 வாரமாக ஏறிவிட்டது. இந்தக் காலம் நீள நீள, குணமாவதும் கடினமாகிறது.

நம் ஊரில் விளம்பரத்தைவிட, ஜனங்கள் முதலில் போகும் இடத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் இருப்பது முக்கியம் என்பேன். மனநோய் தீர வேண்டிக்கொண்டு ஜனங்கள் வரும் தர்கா உள்ள ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் மனநோயாளிகள் காப்பகம் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். பலர் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள். பிற்பாடு அந்த ஊர் தர்காவிலேயே மனநல மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்க்கும் ஏற்பாடு வந்தது. வேண்டுதலுக்கு வருபவரைத் திருப்பி அனுப்பாமல் அங்கேயே மருந்தும் கொடுப்பது புத்திசாலித்தனம்.

எதைக் கவனிப்பது? ஒரு நாள் கோபமோ ஒரு வாரச் சோகமோ அல்ல. முன்பு இருந்த ஆள் இவனில்லை என்று வீட்டில் தோன்றி, அது வாரக்கணக்கில் நீண்டால், தூக்கமும் படிப்பும் சேர்ந்து சரிந்தால், காரணமில்லாத சந்தேகம் வந்தால் காத்திருக்காதீர்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416-ஐக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

தம்பி இப்போது செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். மாத்திரையால் தொப்பை வந்துவிட்டது என்று தினமும் புலம்பல். டிப்ளமோவில் இன்னும் இரண்டு அரியர் பாக்கி.