துணை அதிபருக்கு எத்தனை வருட அனுபவம் வேண்டும்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கத் தேர்தல்கள் பற்றிய கட்டுரையில், 2008-ல் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக நின்ற சாரா பேலினிடம் இருந்த குறை அனுபவமின்மை அல்ல என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அலாஸ்காவில் சில ஆயிரம் பேர் வசிக்கும் வாசில்லா என்ற ஊருக்கு மேயர், அப்புறம் இரண்டு ஆண்டுகூட நிறையாத கவர்னர் பதவி. எழுபத்திரண்டு வயது அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்னுக்கு அடுத்த இடத்தில் நிற்க இது போதுமா? 2024-ல் டிரம்பின் துணை அதிபர் வேட்பாளராக ஜே.டி. வான்ஸை அறிவித்தபோதோ அவர் செனட்டுக்குள் நுழைந்து பதினெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு மேனேஜர் வேலைக்கே ஐந்து வருட அனுபவம் கேட்கிறார்கள். குறைந்தபட்ச அனுபவம் இவ்வளவு என்று சட்டத்திலேயே எழுதி வைத்தால் என்ன? அப்புறம், மக்கள் இதையெல்லாம் பார்த்துத்தான் ஓட்டுப் போடுகிறார்களா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

வருடக் கணக்குதான் அளவுகோல் என்றால், ஆண்ட்ரூ ஜான்சனைப் போலத் தகுதியான துணை அதிபர் அமைவது அரிது. டென்னசியில் நகர்மன்ற உறுப்பினர், மேயர், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர், பத்து ஆண்டுகள் பிரதிநிதிகள் சபை, கவர்னர், செனட்டர், உள்நாட்டுப் போரின்போது ராணுவ கவர்னர். ஒரு படியைக்கூடத் தாண்டிக் குதிக்கவில்லை. அப்படிப்பட்டவர் 1865 மார்ச் 4 அன்று பதவியேற்புக்கு விஸ்கி குடித்துவிட்டு வந்து, செனட் சபையில் எல்லோர் முன்னாலும் உளறினார். ஆறு வாரத்தில் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட, நாடு அவர் கைக்கு வந்தது. விடுதலையான கறுப்பின மக்களுக்கான சட்டங்களை வீட்டோ செய்தார், காங்கிரஸோடு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தோடு, ஓயாமல் மோதினார். கடைசியில் 1868-ல் பதவிநீக்க விசாரணையில் ஒரே ஓட்டில் தப்பினார்.

அதனால் எத்தனை வருடம் என்று நான் கேட்பதில்லை. அந்த வருடங்களில், தன்னைக் கெடுக்கக்கூடிய ஒருவரை இந்த ஆள் எதிர்த்து நின்றதுண்டா? தெரியாத விஷயத்தைத் தேடிப்போய்க் கற்றதுண்டா? என் இரண்டு கேள்விகளும் இவைதான். பேலினுக்கு முதல் கேள்வியில் நல்ல மதிப்பெண், இரண்டாவதில் பூஜ்யம்.

முதல் பாதியைப் பலர் சொல்வதே இல்லை. 2003-ல் அலாஸ்காவின் எண்ணெய், எரிவாயு ஆணையத்துக்கு பேலின் தலைவரானார். உடனிருந்த ஆணையர் ஒருவர் அவருடைய சொந்தக் கட்சியின் மாநிலத் தலைவர். அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து கட்சி வேலை பார்த்தவர். பேலின் புகார் கொடுத்தார், பிறகு பதவியையே விட்டு வெளியேறினார். அந்தத் தலைவர் அபராதம் கட்டினார். 2006 உட்கட்சித் தேர்தலில் பதவியில் இருந்த கவர்னரையே, அதுவும் தன்னை அந்த ஆணையத்தில் உட்கார வைத்த பிராங்க் முர்கோவ்ஸ்கியையே, தோற்கடித்தார். கவர்னரானதும் எண்ணெய் நிறுவனங்கள் மீதான வரியை ஏற்றினார். எண்ணெய்ப் பணத்தில் ஓடும் மாநிலத்தில் இதைச் செய்ய நெஞ்சுரம் வேண்டும். செனட்டில் இருபது வருடம் நாற்காலியைத் தேய்த்தவர்கள் பலருக்கு இப்படிச் சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது.

இரண்டாவது பாதி உங்களுக்குத் தெரிந்ததுதான். தொலைக்காட்சிப் பேட்டியில் கேட்டி கூரிக், எந்தப் பத்திரிகைகளைப் படித்து உலக நடப்பைத் தெரிந்துகொள்கிறீர்கள் என்று கேட்டார். பொறி வைத்த கேள்வி இல்லை. ஏதாவது இரண்டு பெயரைச் சொன்னால் அதோடு முடிந்திருக்கும். 'எல்லாவற்றையும்தான், கண்ணில் படுகிற எதையும்' என்ற மாதிரி பதில் வந்தது. கூரிக் மறுபடி கேட்டும் ஒரு பெயர்கூட வரவில்லை. வெளியுறவு அனுபவம் என்னவென்று கேட்டதற்கு, அலாஸ்காவுக்குப் பக்கத்தில் ரஷ்யா இருக்கிறது என்றார். (வீட்டிலிருந்தே ரஷ்யா தெரிகிறது என்பது நகைச்சுவை நிகழ்ச்சியில் அவரைப் போல நடித்த டினா ஃபே பேசிய வசனம். பாவம், அதையும் பேலின் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள்.) இன்னும் நான்கு வருடம் கவர்னராக இருந்திருந்தாலும் இந்தக் குறை தானாகத் தீர்ந்திருக்காது. அலாஸ்காவுக்கு வெளியே இருக்கும் உலகத்தின் மீது அவருக்கு ஆர்வமே இருந்ததாகத் தெரியவில்லை.

அனுபவம் என்கிற வாதத்தின் மீதே எனக்குச் சலிப்பு வந்ததற்கும் அதே 2008-தான் காரணம். ஒபாமா செனட்டுக்கு வந்து நான்கு வருடம்கூட ஆகவில்லை என்று குடியரசுக் கட்சிக்காரர்கள் கோடை முழுக்க முழங்கினார்கள். ஜனநாயகக் கட்சி வர்ஜீனியா கவர்னர் டிம் கெய்னைத் துணை அதிபர் வேட்பாளராக்கலாம் என்று பேச்சு அடிபட்டபோது, குடியரசுக் கட்சியின் தேர்தல் வியூகக்காரர் கார்ல் ரோவ், ரிச்மண்ட் மாதிரி ஒரு நகரத்துக்கு மேயர், அப்புறம் மூன்று வருட கவர்னர், இது எந்த மூலைக்கு என்று உதறித் தள்ளினார். அந்த ஆகஸ்ட் கடைசியில் வாசில்லாவின் முன்னாள் மேயர் மேடையேறினார். ரோவுக்கு அவரை மிகவும் பிடித்துப்போய்விட்டது! எதிர்முகாமும் யோக்கியம் இல்லை. ஒபாமாவுக்கு வருடம் முக்கியமில்லை, தெளிவுதான் முக்கியம் என்று வாதாடியவர்கள், ஒரே இரவில் பேலினின் மாதங்களை எண்ண ஆரம்பித்தார்கள்.

அப்போது யாருமே சரியாகக் கேட்காத கேள்வி, தேர்ந்தெடுத்தவரைப் பற்றியது. மெக்கெய்னுக்கு, ஜனநாயகக் கட்சியிலிருந்து விலகிச் சுயேச்சையாக இருந்த நண்பர் ஜோ லீபர்மேனைக் கொண்டுவரத்தான் ஆசை. கட்சி பிளந்துவிடும் என்று ஆலோசகர்கள் தடுத்தார்கள். பேலினை அவருக்குச் சரியாகத் தெரியவே தெரியாது. ஆகஸ்ட் 28 அன்று அரிசோனாவில் தன் பண்ணை வீட்டுக்கு வரவழைத்துப் பேசினார், அங்கேயே கேட்டும்விட்டார். மறுநாள் ஒஹாயோவின் டேட்டன் நகரில் அறிவிப்பு. லீபர்மேனை எடுக்காமல் விட்டதற்காக வருந்துவதாக மெக்கெய்ன் 2018-ல் சொன்னார். பேலினைக் குறை சொல்லாமல் அதைச் சொன்னது அவருடைய பெருந்தன்மை. அனுபவம் போதுமா என்ற கேள்வியை அந்த ஆகஸ்டில் பேலினிடம் கேட்டதைவிட, 1983 முதல் காங்கிரஸில் இருந்த மெக்கெய்னிடம் கேட்டிருக்கலாம்.

ஹாரி ட்ரூமன் கதை இதற்கு நேர் எதிர். 1944-ல் அதிபர் ரூஸ்வெல்ட்டின் உடல்நிலை மோசம் என்பது கட்சித் தலைகளுக்குத் தெரியும். அடுத்த அதிபரைத்தான் தேர்ந்தெடுக்கிறோம் என்று தெரிந்தே, அப்போதைய துணை அதிபர் ஹென்றி வாலஸைக் கழற்றிவிட்டு ட்ரூமனைக் கொண்டுவந்தார்கள். கல்லூரிப் பட்டம் இல்லை, நடத்திய துணிக்கடை நொடித்துப்போனது. மிசௌரியில் பெண்டர்காஸ்ட் என்ற கட்சிப் பெரும்புள்ளியின் தயவில் கவுண்டி நிர்வாகத் தலைவராகி, செனட்டுக்கும் போனவர். சாலை போட டெண்டர் விட்டபோது அந்தப் பெரும்புள்ளியின் ஆட்களை ஒதுக்கிவிட்டு, குறைந்த தொகை கேட்ட வெளிமாநில நிறுவனத்துக்கு வேலையைக் கொடுத்தார். முழுச் சுத்தம் என்று சொல்ல முடியாது. சில விஷயங்களைக் கண்டும் காணாமல் விட்டதாகத் தனிக் குறிப்புகளில் அவரே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் 1941-ல் ராணுவ முகாம் கட்டுமானத்தில் பணம் வீணாகிறது என்று கேள்விப்பட்டதும் தானே காரை ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். திரும்பி வந்து விசாரணைக் குழு கேட்டார், 15,000 டாலர் ஒதுக்கினார்கள். ட்ரூமன் குழு என்று பெயர் பெற்றது அதுதான். என் இரண்டு கேள்விகளுக்கும் இங்கே பதில் இருக்கிறது.

1943-ல் அந்தக் குழு வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பெரிய தொழிற்சாலையின் செலவு பற்றிக் கேட்டது. போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன், இது ரகசியம், விட்டுவிடுங்கள் என்றார். ட்ரூமனும் விட்டுவிட்டார். அது அணுகுண்டுக்குப் புளூட்டோனியம் தயாரித்த ஹான்ஃபோர்டு. துணை அதிபரான பிறகும் அவருக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. 1945 ஏப்ரல் 12 மாலை சபாநாயகர் சாம் ரேபர்ன் அறையில் இருந்தவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்தார்கள். அதிபர் இறந்துவிட்டார் என்று எலினார் ரூஸ்வெல்ட் சொன்னார். உங்களுக்கு நான் ஏதாவது செய்ய வேண்டுமா என்று ட்ரூமன் கேட்க, உங்களுக்கு நாங்கள் ஏதாவது செய்ய வேண்டுமா, இப்போது சிக்கலில் இருப்பது நீங்கள்தானே என்றார் அந்த அம்மாள். அன்றிரவு ஸ்டிம்சன் குண்டைப் பற்றி ஓரிரு வார்த்தை சொன்னார். முழு விவரம் ஏப்ரல் 25 அன்றுதான். துணை அதிபராக அவர் இருந்தது 82 நாள். ரூஸ்வெல்ட் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசியது மிகக் குறைவு. இதை ட்ரூமனின் அனுபவக் குறைவு என்று எழுதுவது அநியாயம். தன் துணை அதிபர் மொண்டேலுக்கு 1977-ல் அதிபர் கார்ட்டர் வெள்ளை மாளிகையின் மேற்குப் பகுதியிலேயே அறை கொடுத்து, வாரா வாரம் மதிய உணவுக்கு உட்கார வைத்தார். இந்தப் பதவி உருப்படியானது அதற்குப் பிறகுதான்.

வான்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். அறிவிப்பு வந்த நாளில் எடைபோடக் கையில் அதிகம் இல்லை என்பது உண்மை. கிழக்குப் பாலஸ்தீன் என்ற ஒஹாயோ ஊரில் ரயில் தடம் புரண்டு நச்சு ரசாயனம் கசிந்த பிறகு, ஜனநாயகக் கட்சியின் ஷெராட் பிரவுனோடு சேர்ந்து ரயில் பாதுகாப்பு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. நல்ல முயற்சி என்றே சொல்வேன். ஆனால் 2016-ல் டிரம்பைக் கடுமையாக விமர்சித்தவர், 2022-ல் டிரம்பின் ஆதரவோடு செனட்டுக்கு வந்தார். என் முதல் கேள்விக்கு இது நல்ல பதில் இல்லை. பதினெட்டு மாதம் பதினெட்டு வருடமாக இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

சட்டத்தில் எழுதலாமே என்கிறீர்கள். அதிபராகத் தகுதி இல்லாதவர் துணை அதிபராகவும் முடியாது என்று பன்னிரண்டாவது திருத்தம் சொல்கிறது. அதாவது பிறப்பால் குடிமகன், 35 வயது, 14 வருட வாசம். அவ்வளவுதான். தேர்தலில் வென்ற அனுபவமும் வேண்டும் என்று சேர்த்தால் செஸ்டர் ஆர்தர் வாசலிலேயே நின்றிருப்பார். அவர் அதற்கு முன் பார்த்த பெரிய அரசு வேலை நியூயார்க் துறைமுகச் சுங்க வசூல் அதிகாரி. கட்சிக்காரர்களுக்கு வேலை பங்குபோட்டுக் கொடுப்பதற்குப் பேர்போன இடம், ஆர்தரும் அதே மரபில் வந்தவர்தான். 1881-ல் கார்ஃபீல்டு சுடப்பட்டு இறந்ததும் அதிபரானார். அரசு வேலையைத் தேர்வு வைத்துக் கொடுக்க வழிசெய்த 1883-ஆம் வருடப் பெண்டில்டன் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் அவரேதான். எந்தத் தகுதிப் பட்டியலும் அவரை முன்கூட்டிக் கண்டுபிடித்திருக்காது.

மக்கள் பார்க்கிறார்களா என்றால், பார்க்கிறார்கள். ஆனால் அதை வைத்து முடிவு செய்வது அபூர்வம். புஷ்ஷின் துணை அதிபர் வேட்பாளராக டான் குவேல் 1988-ல் நின்றபோது காங்கிரஸில் பன்னிரண்டு வருடம் முடிக்கப்போகிறவர். விவாதத்தில் தன் அனுபவத்தை ஜான் கென்னடியோடு ஒப்பிட்டு, நீங்கள் கென்னடி இல்லை என்று எதிர்க்கட்சித் துணை அதிபர் வேட்பாளர் லாயிட் பென்ட்சனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அடுத்த மாதம் புஷ்-குவேல் ஜோடி 40 மாநிலங்களில் ஜெயித்தது. 2008-ல் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தவர்களிடம் கேட்டதில் பத்தில் ஆறு பேர் பேலினுக்கு அதிபராகும் தகுதி இல்லை என்றார்கள். அதனால்தான் மெக்கெய்ன் தோற்றார் என்று நான் நம்பவில்லை. பேலின் வந்து மாநாடு முடிந்த வாரத்தில் பல கருத்துக்கணிப்புகளில் மெக்கெய்ன் முந்திக்கொண்டுதான் இருந்தார். செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவாலானது, பொருளாதார நெருக்கடி முற்றியது.