கலிஃபோர்னியாவில் ஒயினுக்குப் பேர்போன நாப்பா, சொனோமாவுக்கு அப்பாவோடு போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: ஊரிலிருந்து அப்பா வருகிறார். கம்பத்தில் பன்னீர் திராட்சை போட்டவர், குடிப்பழக்கம் கிடையாது. நாப்பாவுக்குக் கூட்டிப்போனால் சங்கடப்படுவாரா அண்ணா?

பதில்: தாராளமாகக் கூட்டிப்போங்கள் தம்பி. உங்களைவிட அவருக்குத்தான் அங்கே பார்க்க நிறைய இருக்கிறது. கம்பத்தில் பந்தலில் படரவிட்டு வருஷம் முழுக்க அறுக்கிறார்கள். நாப்பாவில் வரிசையாகக் கம்பி கட்டி, வருஷத்துக்கு ஒரே அறுவடை. குளிர்காலத்தில் கொடி இலையெல்லாம் உதிர்த்துவிடும், அப்போதுதான் கவாத்து. ஃபில்லாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சியைத் தாங்கும் என்று நம்பி, ஏஎக்ஸ்ஆர்1 என்ற வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி நட்டிருந்தார்கள். 1980களில் அது கைவிட்டுவிட்டது. நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த தோட்டங்களைக்கூடப் பிடுங்கி மறுபடி நட வேண்டியதாயிற்று. இதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், அவர் தோட்டத்தில் பூச்சி விழுந்த வருஷங்களைப் பற்றி அவரே பேச ஆரம்பித்துவிடுவார். குறுக்கே பேசாமல் கேளுங்கள். ஒயினை ருசிபார்க்கும் வெறும் டேஸ்டிங் வேண்டாம், தோட்டத்தையும் சுற்றிக்காட்டும் டூராகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள்.

கேள்வி: ஒரே நாளில் ஐந்து ஒயினரி (ஒயின் தயாரிக்கும் இடம்) பார்க்க முடியுமா?

பதில்: இரண்டு போதும். ஐந்து என்றால் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்தே நாள் போய்விடும், அப்பாவும் மகனும் பேச நேரமே இருக்காது. சனி, ஞாயிறில் ஹைவே 29 நெரிசலாக இருக்கும். அதற்கு இணையாகக் கிழக்கில் போகும் சில்வராடோ ட்ரெயில் என்ற ரோட்டைப் பிடியுங்கள்.

கேள்வி: எனக்கும் அப்பாவுக்கும் பேச்சே குறைவு. காரில் என்னதான் பேசுவது?

பதில்: நேருக்கு நேர் உட்கார்ந்து பேச முடியாததைக்கூட, இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசிவிடலாம். அவருடைய முதல் வேலை, முதல் சம்பளம் என்று ஆரம்பியுங்கள். போனைப் பையில் போட்டுவிடுங்கள். நாப்பாவில் கலிஸ்டோகா ஊர்ப் பக்கம் ஷாட்டோ மாண்டலீனா என்ற ஒயினரிக்கும் போய் வாருங்கள். வக்கீலாக இருந்த ஜிம் பாரெட் 1972இல் அதை வாங்கினார். அங்கே மைக் கிர்கிச் தயாரித்த 1973ஆம் வருஷத்து ஷார்டனே என்ற வெள்ளை ஒயின், 1976இல் பாரிஸில் லேபிளை மறைத்து நடந்த போட்டியில் பிரெஞ்சு வெள்ளை ஒயின்களையெல்லாம் முந்தியது. ஜிம்மின் மகன் போ பாரெட் அங்கேயே பாதாள அறையில் வேலை பார்த்து, 1982இல் ஒயின் தயாரிப்புப் பொறுப்பை ஏற்றார். அப்பாவுக்குக் கீழே மகன் வேலை பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்கள் அப்பாவுக்கும் ஒரு கருத்து இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: வண்டியை யார் ஓட்டுவது?

பதில்: அன்று குடிக்காதவர். இருவருமே ருசிப்பதாக இருந்தால் டிரைவரோடு வண்டி எடுங்கள். ரத்தத்தில் ஆல்கஹாலுக்குச் சட்ட வரம்பு 0.08 சதவீதம்தான், ஆனால் அதைத் தொடாததால் பத்திரம் என்று நினைக்காதீர்கள். மூடி திறந்த பாட்டிலை டிக்கியில்தான் வைக்க வேண்டும்.

கேள்வி: மகனுக்கு 16 வயது. நான் கூட்டிப்போகலாமா சார்?

பதில்: கலிஃபோர்னியாவில் குடிக்க 21 ஆக வேண்டும். சில இடங்களில் சிறுவர்களை உள்ளேயே விடுவதில்லை, முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். ஒரு ஒயினரியோடு நிறுத்திக்கொண்டு, அப்புறம் அவனுக்கான நாளாக விட்டுவிடுங்கள். சொனோமா பக்கம் கர்ன்வில் ஊரில் ஆம்ஸ்ட்ராங் ரெட்வுட்ஸ் என்ற காடு இருக்கிறது, வானத்தைத் தொடும் மரங்களுக்கு நடுவே சேர்ந்து நடக்கலாம். கலிஸ்டோகாவில் வெந்நீர் பீறிட்டு அடிக்கும் ஊற்றும் உண்டு.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

பதில்: பிப்ரவரி, மார்ச்சில் கூட்டம் குறைவு, கொடி வரிசைகளுக்கு நடுவே கடுகு மஞ்சளாகப் பூத்திருக்கும். கம்பத்துத் தம்பிக்கு மட்டும் செப்டம்பரைச் சொல்வேன். அறுவடை நேரம், அறை வாடகை கூடுதல்தான். ஆனாலும் உங்கள் அப்பாவுக்குக் கொடியில் காய் இருக்கும்போதுதான் காட்ட வேண்டும்.